நான்காவது ஆள்

வேங்கிக்கால்,
18.5.2025

அன்புத் தங்கை தமிழ்செல்விக்கு, அண்ணன் திருமலை எழுதுவது. நானும் உன் அண்ணி சரசுவும் சுகமாக இருக்கிறோம். அண்ணியின் முழங்கால் மட்டும் போன வருஷம் போலவே இருக்கிறது. ஓசூரில் உன் உடம்பு எப்படி, வார்டன் அம்மாவின் ஹாஸ்டல் பெண்கள் எப்படி என்று எழுது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன மாதம் நாம் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரர் என்ன தகராறு என்று விசாரிக்க வந்துவிட்டார். முப்பது வருஷம் எஞ்சின் சத்தத்தில் கண்டக்டர் வேலை பார்த்ததில் என் இடது காது போயே விட்டது, வலதும் பாதிதான். நீ சொல்வது கேட்காமல் நான் கத்துகிறேன், நான் கத்துகிறேன் என்று நீ கத்துகிறாய், கடைசியில் யாராவது ஒருத்தர் போனை வைத்துவிடுகிறோம். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுகிறது. கையெழுத்து ஒன்றுதான் என்னிடம் கெடாமல் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பிரஷர் ஜாஸ்தியாக இருக்கிறது, கோபத்தைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதற்காக ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் நடக்கிறது. நடத்துவது தனம் டீச்சர் என்று ஒரு அம்மா. குடியாத்தம் பக்கம், மூன்று தலைமுறையாகப் பௌத்தக் குடும்பமாம். ஹாலில் ஒரு புத்தர் சிலை, ஒரு அம்பேத்கர் படம், ஒரு தண்ணீர் கேன், அவ்வளவுதான். "மலையைச் சுத்தறதுக்கு ஊர் ஊரா இருந்து வராங்க, இவரு மாடிப்படி ஏறிப் புத்தரைப் பாக்கப் போறாரு" என்று உன் அண்ணி கிண்டல் செய்கிறாள்.

சொல்லித்தருவது மைத்திரி தியானம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆளை நினைத்து மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். நலமாக இருக்கட்டும். பயமில்லாமல் இருக்கட்டும். நிம்மதியாக இருக்கட்டும். ஆட்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நாமே. இரண்டாவது, நமக்குப் பிரியமானவர். மூன்றாவது, வேண்டியவரும் இல்லை வேண்டாதவரும் இல்லை என்கிற நடு ஆள். நான்காவது, நமக்குப் பொல்லாதவர். கடைசியில் எல்லா உயிர்களும்.

எனக்கு நானே நலம் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. டீச்சரிடம் சொன்னேன். "கண்டக்டருக்கு டிக்கெட் இல்லதான் சார். ஆனா வண்டில நீங்களும்தானே போறீங்க?" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன். இரண்டாவது இடத்தில் உன்னைத்தான் வைத்திருக்கிறேன். அண்ணி கேட்டால் அவள்தான் என்று சொல்லிவிடு.

இந்த வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் மூன்றாம் தேதி வருகிறது. இப்போதே லீவு சொல்லி வை. நீயும் இந்தத் தியானத்தைச் செய்து பார். உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

பிரியமுள்ள அண்ணன்,
திருமலை

*

ஓசூர்,
2.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு, செல்வி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அண்ணிக்கு முழங்கால் தைலம் ஒன்று இங்கே நன்றாகக் கிடைக்கிறது, வரும்போது வாங்கி வருகிறேன். உன் பிரஷர் இப்போது எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுச் சரியாக எழுது. 'பரவாயில்லை' என்று எழுதாதே.

உன் கடிதத்தைப் பார்த்து வாட்ச்மேன் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துப் பயந்துபோய் என்னைக் கேட்டுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார். எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்து எத்தனை காலம் ஆயிற்று. சந்தோஷமாக இருந்தது அண்ணா.

தியானம் செய்யச் சொன்னாய். காலையில் பெண்கள் கம்பெனி பஸ் ஏறிப் போனதும் ஹாஸ்டல் அமைதியாகிவிடும். அப்போது உட்கார்ந்தேன். நீ வெட்கம் என்கிறாய், எனக்கு அழுகை வந்தது. 'நான் பயமில்லாமல் இருக்கட்டும்' என்கிற இடத்தில்தான். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். சாம்பாரில் தண்ணீர் ஊற்றிப் பெருக்குகிற எங்கள் சமையல் அம்மாவை நான்காவது இடத்தில் வைக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் அன்றைக்கென்று அந்த அம்மா நன்றாகச் சமைத்து என் ஏற்பாட்டைக் கெடுத்துவிட்டாள்.

தீபத்துக்கு வருகிறேன். லீவு கேட்டாகிவிட்டது. வழக்கமாகக் கேட்பதை இப்போதும் கேட்கிறேன். அப்பாதுரை ஊரில் இருக்கிறானா? நம் வீட்டுப் பக்கம் வருகிறானா? அவனை விட்டு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, கோர்ட்டிலும் முடிந்துவிட்டது, இன்னும் என்ன என்று உனக்குத் தோன்றலாம். பஸ் ஸ்டாண்டில் அந்த மாதிரி தோள் உள்ள ஆள் யாராவது திரும்பி நின்றால் இன்றைக்கும் என் கால் நகர்வதில்லை. உன் வீடு ஒன்றுதான் அந்த ஊரில் நான் தாழ்ப்பாள் போடாமல் தூங்குகிற இடம். நீ 'இல்லை' என்று எழுதினால் டிக்கெட் போடுவேன்.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை,
செல்வி

*

வேங்கிக்கால்,
21.6.2025

அன்புத் தங்கை செல்விக்கு, அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பிரஷர் 150/90. சரியாக எழுதிவிட்டேன், திட்டாதே.

மூன்றாவது இடத்து ஆளைப் பிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நடு ஆள் என்றால் டீச்சர் சொல்வது, தினமும் பார்ப்போம், ஆனால் அவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தோன்றக்கூடாது. என் சர்வீஸ் முழுக்க நான் ஜனங்களை இரண்டாகத்தான் பிரித்திருக்கிறேன், சில்லறை கொடுக்கிறவர், கொடுக்காதவர். நடுவில் யார்? யோசித்து யோசித்துக் கலெக்டர் ஆபீஸ் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைத் தேர்ந்தெடுத்தேன். மனதில் நினைத்தால் போதும், எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. தினமும் போகும்போது சிரித்தேன். நாலாம் நாள் அவரே பக்கத்தில் வந்து, "இன்னா சார் வேணும் உங்களுக்கு? பட்டாவா, லோனா? நான் வெறும் கேட்டு ஆளு சார்" என்றார். அதிலிருந்து பேச்சு ஆரம்பித்தது. பெயர் சுரேஷ்குமார். சொந்த ஊர் அடி அண்ணாமலை. மகள் தேவிப்ரியா நர்சிங் படிக்கிறாள், அவளுக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வருமாம். இதெல்லாம் தெரிந்த பிறகு அவர் எப்படி நடு ஆள்? டீச்சர் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார். இப்போது பால் பூத்காரர். அவரும் தாங்கமாட்டார் போலிருக்கிறது.

நான்காவது இடத்துக்கும் வந்துவிட்டேன். அதற்கு ஒருவன் கிடைத்திருக்கிறான். பெயர் வேண்டாம். முதல் நாள் அவனை நினைத்து வாக்கியத்தைச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். இப்போது சொல்ல வருகிறது. நெஞ்சில் ஒரு பாரம் கம்மியானது போல இருக்கிறது செல்வி. மனுஷன் மாறுவான் என்று எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது.

மழை இல்லை. வெயில் கொளுத்துகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். தீபத்துக்கு உனக்குப் பிடித்த பொரி உருண்டையைப் பற்றி அண்ணி இப்போதிருந்தே பேசிக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன்,
திருமலை

*

ஓசூர்,
9.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு, நான் சுகம். இங்கே சாரலும் குளிருமாக இருக்கிறது. குளிருக்கு என் இடது மணிக்கட்டு வலிக்கும், அது பழைய கதைதான், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறேன்.

செக்யூரிட்டி கதையை ஹாஸ்டல் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் நாலைந்து பேர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்னோடு உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நான்காவது ஆள் சூப்பர்வைசர்தான். ஒருத்தி மட்டும் நான்காவதில் தன் அப்பாவை வைத்தாள். வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் அவளைக் கூப்பிடவில்லை.

உன் நான்காவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். திரும்பக் கேட்கிறேன். அப்பாதுரை ஊரில் இருக்கிறானா? வீட்டுப் பக்கம் வருகிறானா?

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

செல்வி

*

வேங்கிக்கால்,
17.8.2025

அன்புத் தங்கை செல்விக்கு, அண்ணன் எழுதுவது. பதில் எழுத நாளாகிவிட்டது. ஆடி மாதம் முழுக்க அண்ணி கோயில் குளம் என்று அலைந்தாள், வீட்டிலும் வேலை ஜாஸ்தி. எல்லோரும் சுகம். மணிக்கட்டை டாக்டரிடம் காட்டு, ஒத்தடத்தோடு நிறுத்தாதே.

போன வாரம் நல்ல மழை. வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாம் என்று இருக்கிறேன். பின்பக்கம் உன் அறையில் கொஞ்சம் சாமான் சேர்ந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை நீ மாடி அறையில் தங்கிக்கொள்ளலாம், அங்கே இருந்தால் தீபம் நேராகத் தெரியும், காற்றும் நன்றாக வரும்.

நீ கேட்டதைப் பற்றி மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. பயப்படுகிற மாதிரி இங்கே ஒன்றும் இல்லை. அண்ணன் இருக்கிறேன் இல்லையா? பழசை எத்தனை நாள் சுமப்பது? நம்மைச் சுட்டவரையும் வாழ்த்தினால்தான் நம் சூடு ஆறும் என்று டீச்சர் வகுப்பில் சொன்னார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

டிக்கெட் போட்டுவிடு. தீபத்துக்கு முன்னால் எல்லா வண்டியும் நிறைந்துவிடும்.

அண்ணன்,
திருமலை

*

வேங்கிக்கால்,
28.8.2025

செல்விக்கு அண்ணி சரசு எழுதிக்கொள்வது. நல்லா இருக்கியா? எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் சரிசெய்து படித்துக்கொள். இதை உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நீ மாடி அறையில் தங்க வேண்டாம். இங்கே வரவே வேண்டாம். உன் அறையில் கிடப்பது சாமான் இல்லை, அப்பாதுரை.

அவனுக்கு வலது பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அவன் தம்பி வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவர் வைகாசியிலேயே பார்த்திருக்கிறார். தினமும் போய் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார், எனக்கும் சொல்லவில்லை. ஆனி கடைசியில் ஒரு நாள் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "மனுஷன் ரோட்டுல சாகட்டுமா சரசு?" என்றார். சாகட்டும் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அதிலிருந்து இவர் காலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அவன் நலமாக இருக்கட்டும் என்கிறார். அவன் துணியைத் துவைக்கிறது நான். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. அதற்கு என்ன பெயர் என்று அந்த டீச்சரைக் கேட்க வேண்டும்.

இது மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். அவன் இவரிடம், "செல்வி வந்தா ஒரே ஒரு வார்த்தை பேசணும் மச்சான், மன்னிப்பு கேட்டுட்டுப் போய்டறேன்" என்று அழுகிறான். இவரும் சரி என்றிருக்கிறார். தீபத்தன்று எல்லோரும் மொட்டை மாடியில் இருக்கும்போது உன்னைக் கீழே கூப்பிட்டு அவன் முன்னால் நிறுத்துவதாகத் திட்டம். "மொதல்லயே சொன்னா அது வராது, நேர்ல பாத்தா மனசு எளகிடும்"னு என்னிடம் சொன்னார். உன் அண்ணன் கெட்டவர் இல்லை. நல்லது பண்ணுகிறோம் என்கிற வேகத்தில் கண் தெரியவில்லை.

அவனை விட்டு வந்த அன்றைக்கு நீ கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றபோது எலும்பு வெளியே தெரிந்தது. கட்டுப்போடும்போது கூட இருந்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு.

அண்ணி,
சரசு

*

வேங்கிக்கால்,
14.9.2025

அன்புத் தங்கை செல்விக்கு, அண்ணன் எழுதுவது. அண்ணி உனக்கு எழுதியதை அவளே என்னிடம் சொல்லிவிட்டாள். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

என்னை நீ புரிந்துகொள்ள வேண்டும். நான் உனக்குக் கெடுதல் நினைப்பேனா? அவனை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. குடித்துக் குடித்து வேலையை விட்டுத் துரத்தப்பட்டவன், இப்போது தண்ணீர் குடித்தால் பாதி வாயோரம் வழிகிறது. யாரையும் கை ஓங்குகிற நிலையில் இல்லை. உன் பேரைச் சொன்னாலே அழுகிறான். அவன் செய்தது சின்னக் காரியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான்காவது இடத்து ஆளுக்கு நலம் சொல்லிவிட்டு, அவன் ரோட்டில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே போனால் அது என்ன தியானம்? சொன்னதைக் கையால் செய்தேன். அவ்வளவுதான்.

நீ ஒரு தடவை பார்த்தால் உன் பயமும் போய்விடும் என்று நினைத்தேன். உன் நல்லதுக்குத்தான். பதில் எழுது.

அண்ணன்,
திருமலை

*

வேங்கிக்கால்,
5.10.2025

செல்விக்கு, அண்ணன் எழுதுவது. பதில் இல்லை. போன் செய்தேன், மணி அடித்து அடித்து நின்றது. ஹாஸ்டல் நம்பருக்குப் போட்டால் வாட்ச்மேன் பேசினார், அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நீ சுகமாக இருக்கிறாயா என்று மட்டும் ஒரு வரி எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

திருமலை

*

ஓசூர்,
19.10.2025

அண்ணாவுக்கு, செல்வி எழுதுவது. சுகமாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாளைக்குத் தீபாவளி. பெண்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள், அதனால் எழுத நேரம் கிடைத்தது.

அண்ணி கடிதம் வந்த அன்றே ஒன்று எழுதினேன். கிழித்துப் போட்டேன். எல்லாம் கெட்ட வார்த்தை. அதற்குப் பிறகு ஒரு மாதம் கேட்டைப் பூட்டியாயிற்றா என்று தினமும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். அவன் ஓசூரில் இல்லை, எழுந்து நடக்கக்கூட முடியாதவன் என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்.

தியானத்தை நான் விடவில்லை. அதில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் எனக்கு ஒன்று தெரிந்தது. நீ வரிசையைத் தப்பாகப் போட்டிருக்கிறாய் அண்ணா.

நான்காவது இடத்தில் அப்பாதுரையை வைத்தேன் என்கிறாய். உனக்கு அவன் என்றைக்குப் பொல்லாதவனாக இருந்தான்? உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறானா? வேலூர் வண்டியில் ஒன்பது வருஷம் அவன் ஓட்டினான், நீ விசில் அடித்தாய். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டீர்கள். "தங்கமான பையன்"னு சொல்லி எனக்கு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தவனே நீதான். என்னால் உனக்கு அந்தச் சிநேகிதம் போயிற்று. பன்னிரண்டு வருஷம் வெளியே சொல்லாமல் அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய், இப்போது கையில் கிடைத்ததும் எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொள், அது உன் சிநேகிதம். அதற்குக் கருணை என்று பெயர் வைத்து என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லாதே. உனக்கு அவன் இரண்டாவது இடத்து ஆள். நான்காவது ஆள் என்பது எனக்கு. அந்த இடத்தில் அவனை உட்காரவைப்பதா, எப்போது வைப்பது, வைக்காமலே போய்விடுவதா என்று நான்தான் சொல்ல வேண்டும்.

என்னை இரண்டாவது இடத்தில் வைத்ததாக முதல் கடிதத்தில் எழுதினாய். படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இப்போது அதை நம்ப முடியவில்லை. செக்யூரிட்டியிடம் அவர் மகளுக்கு ஊசி பயம் என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டாய். உன் தங்கை தன் பயத்தைப் பற்றி இரண்டு தடவை எழுதிக் கேட்டாள், அதற்கு மாடியில் காற்று வரும் என்று பதில் எழுதினாய். டிக்கெட் வாங்கிவிட்டு ஜன்னலோரம் தூங்குகிற பயணியைக் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பாரா? நான்தான் அண்ணா உன்னுடைய நடு ஆள். அதைத் தேடி நீ கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிருக்க வேண்டாம்.

அண்ணியை எந்த இடத்தில் வைத்தாய் என்றும் யோசி. அவன் துணியைத் துவைத்துக்கொண்டே எனக்கும் எழுதியவள் அவள்.

அவனை ரோட்டில் தூக்கிப் போடு என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பாவத்தை என் வாயிலிருந்து நீ வாங்க முடியாது. என்ன செய்வது என்று நீயே பார்த்துக்கொள். தீபத்துக்கு நான் வரவில்லை. லீவை ரத்து செய்துவிட்டேன்.

அண்ணியின் தைலத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

செல்வி

*

வேங்கிக்கால்,
9.11.2025

அன்புத் தங்கை செல்விக்கு, அண்ணன் திருமலை எழுதுவது. அண்ணியும் நானும் சுகம். தைலம் வந்தது. நான்தான் தேய்த்துவிடுகிறேன்.

உன் கடிதம் வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எழுதி வைத்திருந்தேன், "உனக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்று. அண்ணி வாங்கிப் படித்துவிட்டு, "இதுல எது பொய்யின்னு சொல்லு, அப்புறம் போஸ்ட் பண்ணு" என்றாள். ஒன்றும் அகப்படவில்லை. சாயந்திரம் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். ஆமாம், எனக்கு அவனைப் பிடிக்கும். உன் கையை உடைத்த பிறகும் பிடித்தது. அதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டேன், எனக்கு நானே சொல்லவும் வெட்கப்பட்டேன். அதற்குத்தான் புத்தரைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலாவது ஆளை மனசுல வெச்சி உக்காருங்கன்னுதானே சார் சொன்னேன்? வீட்ல கொண்டாந்து, அதுவும் தங்கச்சி ரூம்ல வெக்கச் சொல்லி நான் எப்ப சொன்னேன்?" என்றார். வகுப்பில் எல்லோர் முன்னாலும்தான். பிறகு அவரே நாலு பேரிடம் பேசி, அடி அண்ணாமலையில் இவன் மாதிரி ஆளில்லாதவர்களை வைத்துப் பார்க்கிற ஒரு இல்லத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார். போன செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆட்டோவில் போகும்போது, "செல்விக்காகவா மச்சான்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அது சரிதான்" என்றான்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நான் போய்க் குளிப்பாட்டிவிட்டு வந்தேன். இனிமேலும் போவேன். அண்ணி வரமாட்டாள். இதை மறைக்காமல் எழுதிவிட்டேன்.

நீ ஜூன் மாதம் கேட்டதற்கு இப்போது பதில். அப்பாதுரை ஊரில் இருக்கிறான். நம் வீட்டில் இல்லை. வீட்டுக்கு இனி வரமாட்டான். உன்னிடம் பேச வேண்டும் என்று அவன் சொன்னால் நான் அதை உன்னிடம் கொண்டுவர மாட்டேன்.

தீபத்துக்கு வா என்று நான் கூப்பிடவில்லை. வேறொன்று கேட்கிறேன். நாங்கள் அங்கே வரலாமா? பிறந்ததிலிருந்து ஒரு தீபமும் நான் தவறவிட்டதில்லை, உனக்கே தெரியும். சர்வீஸில் இருந்தபோதுகூட டூட்டியை மாற்றிக்கொண்டு மலையைப் பார்த்தேன். இந்த வருஷம் பார்க்காவிட்டால் பரவாயில்லை என்று தோன்றுகிறது. அன்றைக்கு ஊருக்குள் வருகிற பஸ்ஸில்தான் நிற்க இடம் இருக்காது, ஊரை விட்டுப் போகிற வண்டி காலியாகத்தான் ஓடும். நானும் அண்ணியும் ஆளுக்கு ஒரு சீட் முழுக்க எடுத்துக்கொண்டு வருவோம். நீ வேண்டாம் என்று எழுதினால் வரமாட்டோம், அதற்காக உன்மேல் வருத்தமும் படமாட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அண்ணன்,
திருமலை

*

ஓசூர்,
20.11.2025

அன்புள்ள அண்ணாவுக்கு, செல்வி எழுதுவது. நான் சுகம். உன் பிரஷர் எவ்வளவு என்று நாலு கடிதமாக நீ எழுதவில்லை.

வாருங்கள். ஆனால் ஒன்று. இந்த ஹாஸ்டலில் கேட்டுக்கு உள்ளே ஆண்கள் வரக்கூடாது. அப்பாவானாலும் சரி, அண்ணனானாலும் சரி. அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான். அது இருக்கிறதால்தான் இத்தனை வருஷமாக எனக்குத் தூக்கம் வருகிறது. அண்ணி என்னோடு என் அறையில் இருப்பாள். நீ கேட்டை ஒட்டி வெளியே இருக்கிற வாட்ச்மேன் அறையில் படுத்துக்கொள்ள வேண்டும். போர்வை தருகிறேன், டிசம்பரில் இங்கே குளிர் ஜாஸ்தி. பெண்கள் மாலையில் வாசலில் அகல் வைப்பார்கள், நீ கேட்டுக்கு வெளியே இருந்து ஏற்றிக் கொடு.

அவனைப் போய்ப் பார்க்கிறாய் என்று சொன்னாய். சரி. எனக்கு எழுத வேண்டாம். நான் அவனை வரிசையில் எந்த இடத்திலும் வைக்கவில்லை, வைக்கப்போவதும் இல்லை. கடைசியில் 'எல்லா உயிர்களும்' என்று சொல்லும்போது அவனும் எங்கேயோ ஒரு ஓரத்தில் அதற்குள் வந்துவிடுகிறான். அதைத் தடுக்க முடியாது. அதற்கு மேல் என்னிடம் கேட்காதே.

நான்காவது இடம் எனக்கு ரொம்ப நாளாகக் காலியாகவே இருந்தது. சமையல் அம்மாவும் திருந்திவிட்டாள். அதனால் இந்த ஒரு மாதமாக அதில் உன்னைத்தான் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. முதலில் உன் முகத்தை நினைத்தாலே எழுந்து போய்விடுவேன். இப்போது 'அண்ணன் நலமாக இருக்கட்டும்' வருகிறது. 'பயமில்லாமல் இருக்கட்டும்' என்பதும் போன வாரத்திலிருந்து வருகிறது. மூன்றாவது மட்டும் இன்னும் வாயில் வரமாட்டேன் என்கிறது. நீ இன்னும் கொஞ்ச நாள் நிம்மதி இல்லாமல் இரு அண்ணா.

அண்ணியைக் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டி வா.

உன் தங்கை,
செல்வி